மூன்றாவது தூணுக்கு அளந்த நிழல்

பொப்பி குனியாமல் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள்.

யாக்கோவோஸ் முதலில் அதைக் கவனிக்கவில்லை. காலையிலிருந்து ஹோட்டல் முகப்பில் பளிங்குத் தூசியைத் தின்றுவிட்டு வந்தவனுக்குப் பருப்பு சூப்பும் ரொட்டியும் ஆலிவ் காயும்தான் கண்ணில் தெரிந்தன. ரொட்டியைப் பிய்த்துக் கொடுக்க நிமிர்ந்தபோதுதான் பார்த்தான். பதின்மூன்று வயது மகள் முதுகை விறைப்பாக வைத்துக்கொண்டு, மோவாய் இம்மிகூட இறங்காமல், கண்ணை எதிர்ச்சுவரில் நட்டுவிட்டு, கரண்டியை மட்டும் கீழிருந்து தூக்கித் தூக்கி வாயில் விட்டுக்கொண்டிருந்தாள். பாதி சூப் சட்டையில் வழிந்தது. அவள் துடைக்கவில்லை.

“கழுத்து சுளுக்கிக்கிச்சா?”

“இல்லப்பா. தலைமேல என்னமோ பாரமா இருக்கு. குனிஞ்சா விழுந்துடும்போல.”

“என்ன விழும்?”

கொஞ்சம் யோசித்தாள். “எல்லாம்,” என்றாள்.

ஆகஸ்ட் வெயில், தலையில் இறங்கியிருக்கும் என்று சொல்லிக்கொண்டான். படுத்துக்கொள்ளச் சொன்னான். படுத்தால் மூச்சு முட்டுகிறது, நின்றால்தான் சுகமாக இருக்கிறது என்று எழுந்து சுவரோரம் போய் நின்றாள். இரண்டு கையும் பக்கவாட்டில் தொங்க, இடது முழங்கால் லேசாக மடங்கி. அந்த நிற்பை அவன் எங்கேயோ பார்த்திருந்தான். எங்கே என்று யோசிக்கப் பிடிக்கவில்லை. அம்மாக்காரி கப்பல் சமையல்காரன் ஒருவனோடு பிரேயுஸ் துறைமுகத்துக்குப் போய் ஆறு வருஷம் ஆகிறது. அன்றிலிருந்து அவனுக்கு இருப்பது இந்த ஒரு பெண்தான். அவளுக்குக் காய்ச்சல் என்றாலே இவனுக்குக் கை ஓடாது.

கோடாரி மாதிரி ஒரு பயம் உள்ளே இறங்கப் பார்த்தது. அதைத் தள்ளிவிட்டு, உளிப் பையை எடுத்துக்கொண்டு ஹோட்டலுக்கு நடந்தான். சாயங்காலம் ஐந்து மணிக்குப் பாதிரியார் வந்து கட்டடத்தை ஆசீர்வதிக்கப்போகிறார்.

ஹோட்டல் முதலாளி பெரிக்லிஸுக்குப் பழங்காலப் பைத்தியம். நீச்சல்குளத்தடியில் மெதுசாவின் தலை, மதுக்கடையில் போசைடனின் சூலம், கழிவறைக் கதவில்கூட ஆணுக்கு அப்போலோ, பெண்ணுக்கு அஃப்ரோதித்தி. வெளிநாட்டுக்காரன் அதைப் பார்க்கத்தானே வருகிறான். முகப்புக்கு, ஏதென்ஸ் குன்றின்மேல் நிற்கிறார்களே, கூரையைத் தலையில் சுமக்கும் கல் பெண்கள், அவர்களைப்போல் நாலு பேர் வேண்டும் என்றார். போரில் தோற்ற ஊரின் பெண்களாம் அவர்கள். அடிமையாக்கியது போதாதென்று, என்றைக்கும் சுமக்கட்டும் எனக் கல்லிலும் அடித்துவைத்தார்கள் என்று பள்ளிக்கூடத்தில் வாத்தியார் சொன்னது அவனுக்கு இன்னும் ஞாபகம் இருந்தது. கல்லில் பார்த்தால் தண்டனையும் அழகாகத்தான் இருந்து தொலைக்கிறது.

மூன்றாவது பெண் மட்டும் நிற்கவில்லை. கூரையை இறக்கியதும் கழுத்தில் விரிசல். மாற்றிச் செதுக்கினான். மறுபடியும் விரிசல். காபிக்கடையில் சிரித்தார்கள்.

“யாக்கோவோஸுக்குப் பொம்பள நிக்கறதில்லடா, கல்லா இருந்தாலும் சரி.”

அந்தச் சிரிப்புத்தான் அவனைக் கெடுத்தது. கட்டடம் நிற்காவிட்டால் இந்தத் தீவுக் கொத்தர்கள் என்ன செய்வார்கள் என்பது எல்லோருக்கும் தெரியும், யாரும் வாய்விட்டுப் பேசமாட்டார்கள். உயிரோடிருக்கும் ஓர் ஆளின் நிழலை, அந்த ஆளுக்குத் தெரியாமல், கயிற்றால் பாதத்திலிருந்து தலைவரை அளக்கவேண்டும். அந்தக் கயிற்றைக் கல்லுக்கு அடியில் வைத்துப் பூசிவிடவேண்டும். கட்டடம் நிற்கும். அந்த ஆள் வருஷம் திரும்புவதற்குள் போய்விடுவார், போய் அதைச் சுமப்பார்.

லாலியைத் தேர்ந்தெடுத்தான். ஹோட்டலில் துணி துவைக்கிறவள். ஜார்ஜியாவிலிருந்து தனியாக வந்தவள். அவள் போனால் கேட்க ஒரு நாதி இல்லை, ஊருக்கு ஒரு போன் போட்டால் முடிந்தது என்று நினைத்தான். நினைத்தானே, பாவி.

திங்கட்கிழமை காலை பத்து மணிக்கு மொட்டைமாடி ஏறினான். ஈரப் போர்வைகள் வரிசையாகத் தொங்கின. வெளுப்புத்தூள் நெடி மூக்கைக் கரித்தது. கீழே சலவை இயந்திரம் கடகடவென்று உறுமியதில் அவன் கால் சத்தம் அவனுக்கே கேட்கவில்லை. போர்வைக்கு அடியில் லாலியின் மஞ்சள் ரப்பர் செருப்பு தெரிந்தது. செருப்பிலிருந்து அவன் பக்கமாகச் சிமெண்டுத் தரையில் நிழல் நீண்டு கிடந்தது. தவழ்ந்துபோய் சணல் கயிற்றைப் பிடித்தான். பாதத்தில் ஒரு முடிச்சு. தலையில் ஒரு முடிச்சு. அவ்வளவுதான் வேலை.

அன்று மத்தியானமே மூன்றாவது பெண் நின்றுவிட்டாள்.

இப்போது ஹோட்டலின் பின்வாசல் படியில் லாலி உட்கார்ந்து தர்பூசணி தின்றுகொண்டிருந்தாள். கன்னம் சிவந்து, நல்ல தெம்பாக. இவளுக்கு இன்னும் ஒன்றும் ஆகவில்லையே என்று ஒரு கணக்கோடுதான் பார்த்தான்.

“வாங்க மேஸ்திரி. பொப்பி வரலயா? இந்தத் துண்டு அதுக்குன்னு எடுத்து வச்சேன்.”

“உடம்பு சரியில்ல.”

“ஐயோ பாவம். திங்கக்கிழம வெயில்ல நின்னதோ என்னமோ. மெஷின்ல தண்ணி அடச்சுக்கிச்சு, நான் கீழ மாட்டிக்கிட்டேன். போர்வையெல்லாம் அதுதான் காயப்போட்டுச்சு. வெறுங்கால்ல வந்துருந்துச்சு, தரை கொதிக்குதேன்னு என் செருப்பக் கழட்டிக் குடுத்தேன்.”

தர்பூசணி விதையைத் துப்பினாள். “என்ன மேஸ்திரி, ஒரு மாதிரி ஆயிட்டீங்க?”

அவன் ஓடினான்.

முகப்பில் ஆளில்லை. மத்தியான உறக்கத்தில் ஊரே அடங்கிக் கிடந்தது. சிள்வண்டுகள் மட்டும். இடுப்புயரச் சுவரின்மேல் நாலு கல் பெண்கள் வரிசையாக நின்றார்கள், கை தொங்க, இடது முழங்கால் மடங்க. அவன் செதுக்கிய நிற்பு. வீட்டுச் சுவரோரம் பார்த்த நிற்பு.

மூன்றாவது பெண்ணின் பாதத்தடியில் உளியை வைத்து அடித்தான். பூச்சு பெயர்ந்தது. மறுபடி அடித்தான். விரலை விட்டுத் துழாவினான். நகம் பிய்ந்தது. கயிறு தட்டுப்பட்டது. இழுத்தான். வெயில் படாத இடத்தில் நாலு நாள் கிடந்த கயிறு, உடம்புச் சூட்டோடு வந்தது.

முதல் முடிச்சு. இரண்டாவது முடிச்சு.

வந்துவிட்டது. முழுசாக. அவன் அழுதான்.

திரும்பினால் படியில் பொப்பி நின்றாள். எப்படி வந்தாள், தெரியவில்லை.

“எடுத்துட்டேன்மா. இங்க பாரு, எடுத்துட்டேன். வா, வீட்டுக்குப் போயிடலாம்.”

அவள் கயிற்றைப் பார்க்கவில்லை. கூரையைப் பார்த்தாள்.

மேலே ஏதோ முனகியது. சுண்ணாம்புத் தூள் உதிர்ந்தது. மூன்றாவது பெண் ஒரு விரல் அளவு கீழே இறங்கினாள். கல்லின் தலைக்கும் கூரைக்கும் நடுவே வெளிச்சம் தெரிந்தது.

“தள்ளுப்பா,” என்றாள் பொப்பி. “விழப்போகுது.”

சுவர்மேல் ஏறினாள். இடுப்பைப் பிடித்து இழுத்தான். குளிர்ந்திருந்தது. அசையவில்லை. எத்தனையோ தடவை தோளில் தூக்கிய பெண். அசையவில்லை.

“வேணாம்டா கண்ணு. எறங்கு. அப்பா சொல்றேன், எறங்கு.”

நிமிர்ந்தாள். அவளுக்கு அந்த உயரம் இல்லை. ஆனாலும் எட்டியது.

கூரை இறங்கி அவள் தலைமேல் உட்கார்ந்தது. முனகல் நின்றது.

ஐந்து மணிக்கு முதலாளியும் பாதிரியாரும் ஆட்களோடு வந்தபோதும் அவன் அவள் காலைக் கட்டிக்கொண்டுதான் இருந்தான். கத்திக் கத்தித் தொண்டை போய்விட்டது. வாய் அசைந்தது, சத்தம் இல்லை. பெரிக்லிஸ் இரண்டடி பின்னால் போய் நின்று, தலையைச் சாய்த்துப் பார்த்தார்.

“அஞ்சாவதா ஒண்ணு வச்சுட்டீங்களா மேஸ்திரி? சொல்லவே இல்ல. இதுதான் எல்லாத்துலயும் உசிரோட இருக்கு. சரி, எந்திரிங்க. சாமியார் நிக்கறாரு.”

இரண்டு பேர் அவனைக் கையைப் பிடித்துத் தூக்கி ஓரமாக நிறுத்தினார்கள். வேலை முடிந்த நிம்மதியில் குடித்துவிட்டான் என்று யாரோ சொன்னார்கள். பாதிரியார் துளசிக் கொத்தைக் கிண்ணத்தில் நனைத்து, மந்திரத்தை முணுமுணுத்தபடி, வரிசையாக ஒவ்வொரு பெண்ணின் முகத்திலும் தெளித்துக்கொண்டே வந்தார். பொப்பியின் திறந்த கண்ணில் ஒரு துளி விழுந்தது. அவள் இமைக்கவில்லை. நீர் கன்னத்தில் இறங்கி, மோவாயில் தொங்கி, சூப் கறை படிந்த சட்டையில் சொட்டியது. சட்டைக்குள் நெஞ்சு மெல்ல ஏறி மெல்ல இறங்கிக்கொண்டிருந்தது.