இடது கால் ஸ்கேட்

ரோஹிணி வீட்டுச் செருப்பு அலமாரியில் ஒரே ஒரு ஸ்கேட் இருந்தது. வலது காலுக்கானது. இடது காலுக்கானது எதிர் பிளாக்கில், பெனிட்டாவின் கட்டிலுக்கு அடியில் இருந்தது.

வீட்டுக்கு வருகிறவர்கள் அதைப் பார்த்துவிட்டு, "இன்னொண்ணு தொலைஞ்சு போச்சா?" என்று கேட்பார்கள்.

"இல்ல மாமி, அது என் பார்ட்னர் வீட்டுல இருக்கு," என்பாள் ரோஹிணி. அப்படிச் சொல்லும்போது, தான் ஒரு பெரிய ஆபீஸ் நடத்துவது போல அவளுக்குத் தோன்றும்.

டெல்லி ஆர்.கே.புரத்தில் அரசு ஊழியர்களின் குடியிருப்பில் இருவரும் வசித்தார்கள். இருவருக்கும் ஒரே பள்ளி, ஒரே ஆறாம் வகுப்பு. இரண்டு பிளாக்குகளுக்கும் நடுவில் ஒரு பூங்கா. அதன் ஓரத்தில், சிமென்ட் போட்ட பழைய பாட்மிண்டன் தளம். வலை எப்போதோ காணாமல் போயிருந்தது. தளம் மட்டும் வழவழவென்று இருந்தது.

ஸ்கேட் யோசனை பெனிட்டாவுடையது. அவளுடைய அப்பா டெல்லியிலேயே துவாரகா பகுதியில் ஒரு சின்ன ஃபிளாட் வாங்கி வாடகைக்கு விட்டிருந்தார்.

"வீடு பாட்டுக்கு அங்கயே நிக்குது. மாசம் பொறந்தா வாடகை அப்பா போனுக்கு வந்துடுது! நமக்கும் அந்த மாதிரி ஒண்ணு வேணும்," என்றாள் பெனிட்டா.

"வீடா? நம்ம கிட்ட எவ்ளோ இருக்கு?"

ரோஹிணியிடம் தீபாவளிக்குக் கிடைத்த பணம் இருந்தது. பெனிட்டாவிடம் கிறிஸ்துமஸுக்குக் கிடைத்த பணம் இருந்தது. இரண்டையும் சேர்த்தால் துவாரகாவில் ஒரு கதவின் கைப்பிடிகூட வராது.

அந்தச் சமயத்தில்தான், பத்தாம் வகுப்பு அர்விந்த் தன் ஸ்கேட் ஜோடியை விற்கப்போவதாகச் சொன்னான். அடியில் இருந்த திருகாணியைத் திருகினால் பெரிய காலுக்கும் பொருந்தும், சின்னக் காலுக்கும் பொருந்தும். விலை எண்ணூறு. ஆளுக்கு நானூறு போட்டு வாங்கினார்கள். ஒருத்திக்குத் தெரியாமல் இன்னொருத்தி வாடகைக்கு விட்டுவிடக் கூடாது அல்லவா? அதனால் ஆளுக்கு ஒரு காலாக எடுத்துக்கொண்டார்கள்.

சாயங்காலம் ஆனதும் வலது காலும் இடது காலும் பூங்காவில் சந்திக்கும். பத்து ரூபாய் கொடுத்தால் கால் மணி நேரம் ஓட்டலாம். ரோஹிணி பணத்தை வாங்கிக்கொண்டு கைக்கடிகாரத்தைப் பார்த்தபடி நிற்பாள். பெனிட்டா வாரைக் கட்டி விட்டு, சின்னப் பிள்ளைகளின் கையைப் பிடித்துக்கொண்டு கூடவே ஓடுவாள்.

"தீதி, விட்டுடாதே! சோட்னா மத்!" என்று தமிழிலும் இந்தியிலும் அலறுவான் குணா. ரோஹிணியின் பிளாக்கில் கீழ் வீட்டுப் பையன். ஏழு வயது.

"விடமாட்டேன்டா. என் மூஞ்சிய ஏன் பார்க்கற? முன்னாடி பாரு!"

ஞாயிற்றுக்கிழமைதோறும் வாடகையை இரண்டாகப் பிரித்துக்கொள்வார்கள். ரோஹிணி தன் பங்கை ஒரு பிஸ்கட் டப்பாவில் போட்டு வைத்தாள்.

மே மாதம் பெனிட்டாவின் அப்பாவுக்கு ஹைதராபாத்துக்கு மாற்றல் வந்தது.

பெனிட்டா பூங்காவில் வைத்து அதைச் சொன்னாள். பிறகு, "என் காலையும் நீயே வாங்கிக்கோ ரோஹு. நான் போட்ட நானூறு குடுத்தாப் போதும்," என்றாள்.

"ஏன், நீ எடுத்துட்டுப் போயேன்!"

"ஒத்தக் காலையா? அங்க போய் நொண்டி விளையாடவா?"

இருவரும் சிரித்தார்கள். சிரிப்பு அடங்கியதும் பெனிட்டா மெதுவாகச் சொன்னாள். "அந்த நானூறு இருந்தா அங்க நான் வேற ஜோடி வாங்கிடுவேன். புது ஸ்கூல்ல எனக்கு ஒருத்தரையும் தெரியாது. கையில ஸ்கேட் இருந்தா நாலு பேர் தானா பக்கத்துல வருவாங்க, இல்ல?"

"பக்கா வருவாங்க. நாளைக்கே தரேன்," என்றாள் ரோஹிணி. டப்பாவில் அவ்வளவு பணம் இருந்தது. கொடுக்க வேண்டும் என்றுதான் அவள் நினைத்தாள்.

அன்று எல்லோரும் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது அம்மா ராஜலக்ஷ்மி, "பெனிட்டா ஆத்துல வாஷிங் மெஷினை விக்கறாளாம். ஆறாயிரம் சொல்றா. நாளைக்குப் போய்ப் பேசட்டுமா?" என்று கேட்டாள்.

அப்பா அனந்தகிருஷ்ணன் ஒரு கையால் ரசம் சாதம் சாப்பிட்டபடி, மறு கையில் இருந்த போனில் ஷேர் விலைகளைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இப்பப் போகாதே. லாரி வந்து நிக்கற அன்னிக்குப் போ. ஏத்தறதா, விட்டுட்டுப் போறதான்னு முழிச்சுண்டு நிப்பா. பாதி விலைக்குக் குடுத்துடுவா. இந்தக் கூலர் நமக்கு எப்படி வந்தது?"

அந்தக் குடியிருப்பில் இது எல்லோருக்கும் தெரிந்த வழக்கம். மாற்றல் வந்தவர்கள் எப்படியும் போக வேண்டும். கட்டிலும் மேசையும் எல்லாமும் கூடவே போக முடியாது. அதனால் வாங்க நினைப்பவர்கள் லாரி வரும்வரை காத்திருப்பார்கள். ரோஹிணி படிக்கிற மேசைகூட அப்படி வந்ததுதான். அதில் யாரும் தப்பு கண்டதில்லை.

"ஷேரும் அப்படித்தான்," என்றார் அப்பா. "விலை விழற வரைக்கும் பொறுமையா இருந்து வாங்கணும்."

"நீங்க வாங்கினப்பறமும் அதெல்லாம் விழுந்துண்டேதானே இருக்கு!" என்றாள் அம்மா.

ரோஹிணி சிரிக்கவில்லை. யோசித்துக்கொண்டிருந்தாள். பெனிட்டாவை விட்டால் இடது காலை வைத்திருப்பவர் யாரும் இல்லை. ரோஹிணியை விட்டால் அதை வாங்குபவரும் யாரும் இல்லை.

மறுநாள் பெனிட்டா கேட்டபோது, "அம்மா டப்பாவ எங்கயோ வெச்சுட்டா," என்றாள்.

அதற்கடுத்த நாள், "பார்க்கலாம்," என்றாள்.

"சரி, முந்நூத்தம்பது குடு," என்றாள் பெனிட்டா. சனிக்கிழமை அது முந்நூறு ஆயிற்று. அப்பா சொன்னது அப்படியே நடக்கிறதே என்று ரோஹிணிக்கு வியப்பாக இருந்தது. கொஞ்சம் பெருமையாகவும் இருந்தது.

கிளம்பும் நாளன்று லாரி காலையிலேயே வந்துவிட்டது. அதற்குள் வெயில் தகித்தது. பெனிட்டாவின் அம்மா பிலோமி தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு அட்டைப்பெட்டிகளை எண்ணிக்கொண்டிருந்தார். வாஷிங் மெஷினை இரண்டு பேர் தூக்கிக்கொண்டு ரோஹிணியின் வீட்டுப் பக்கம் போனார்கள். மூவாயிரம்தான்.

பெனிட்டா இடது கால் ஸ்கேட்டோடு ஓடி வந்தாள். அதைத் துணியால் நன்றாகத் துடைத்து, வாரைச் சுருட்டிக் கட்டியிருந்தாள்.

"ரோஹு, நாங்க கிளம்பறோம். எவ்ளோதான் தருவ?"

"நூறு."

"நூறா?"

"இல்லன்னா எடுத்துட்டுப் போ."

பெனிட்டா லாரியைப் பார்த்தாள். ஸ்கேட்டைப் பார்த்தாள். கடைசியாக ரோஹிணியைப் பார்த்தாள். சண்டை போடுவாள் என்று ரோஹிணி நினைத்தாள். அதற்குப் பதிலும் யோசித்து வைத்திருந்தாள். ஆனால் பெனிட்டா, "சரி," என்று மட்டும் சொல்லி, நூறு ரூபாயை வாங்கிக்கொண்டாள்.

"பெனி! ஜல்தி வா மக்களே! டாக்ஸிக்காரர் சத்தம் போடுதாரு!" என்று பிலோமி கூப்பிட்டார்.

ரோஹிணி ஸ்கேட்டோடு மாடிக்கு ஓடினாள். இரண்டையும் ஜோடியாக வைத்துப் பார்க்க வேண்டும் போல இருந்தது. திருகாணியைத் தன் காலுக்குத் தகுந்தபடி திருப்பினாள். கீழே ஹாரன் கேட்டது. 'இதோ, இந்த வாரை மட்டும் கட்டிட்டுப் போறேன்' என்று நினைத்தாள். அவள் இறங்கி வந்தபோது எதிர் பிளாக் வாசலில் கொஞ்சம் வைக்கோலும், உடைந்த தெர்மகோல் துண்டுகளும்தான் கிடந்தன.

பரவாயில்லை, இனிமேல் வாடகை முழுவதும் எனக்கே என்று நினைத்துக்கொண்டாள். அந்த நினைப்பு இனிக்கவில்லை.

சாயங்காலம் குணா முதல் ஆளாகப் பத்து ரூபாயோடு வந்தான். ரோஹிணி வாரைக் கட்டிவிட்டாள்.

"தீதி, கையப் பிடிச்சுக்கோ."

"நான் டைம் பார்க்கணும்டா. நீயே ஓட்டு, வந்துடும்."

குணா திரும்பும் இடத்தில் சாய்ந்து, சிமென்ட்டில் தேய்த்துக்கொண்டு விழுந்தான். அவன் போட்ட கூச்சலில் அவனுடைய அம்மா சியாமளா கரண்டியோடு ஓடி வந்தார்.

"பணம் வாங்கத் தெரியுது. பிள்ளையப் பிடிச்சுக்கத் தெரியலையா? அந்தப் பொண்ணு இருந்தவரைக்கும் இவன் ஒருநாள் விழுந்தானா?"

ரோஹிணி பத்து ரூபாயைத் திருப்பிக் கொடுத்தாள். அடுத்த நாள் இரண்டே பேர் வந்தார்கள். அப்புறம் அவர்களும் வரவில்லை.

ரோஹிணி தானே ஸ்கேட்டை மாட்டிக்கொண்டு தளத்தைச் சுற்றிப் பார்த்தாள். சக்கரங்கள் கடகடவென்று ஓடின. ஒவ்வொரு சுற்றிலும் "நூறா?" என்று யாரோ கேட்பது போல இருந்தது. கேட்டது கோபமான குரலாக இருந்திருந்தால்கூடப் பரவாயில்லை. பெனிட்டா அதை மிகவும் மெதுவாகக் கேட்டிருந்தாள்.

பள்ளி விடுமுறை முடியப்போகும் சமயத்தில், ரோஹிணி தன் டப்பாவிலிருந்து முந்நூறு ரூபாயை எடுத்துக்கொண்டு அப்பாவிடம் போனாள்.

"அப்பா, இத வெச்சுண்டு, போன்லேர்ந்து பிலோமி ஆன்ட்டிக்கு அனுப்புங்கோ. பெனிட்டாவுக்கு."

"எதுக்கு?"

ரோஹிணி சொன்னாள். நடந்ததை ஒன்றும் விடாமல் சொன்னாள். அப்பா கண்ணாடியைக் கழற்றினார்.

"அவதானேம்மா ஒத்துண்டு குடுத்தா? நீ ஏமாத்தலையே. ஷேர்லயும் விலை விழறபோது யாரோ விக்கறா, நாம வாங்கறோம். விக்கறவா யாருன்னே நமக்குத் தெரியாது."

"எனக்குத் தெரியுமே அப்பா."

அப்பா திரும்பிப் பார்த்தார். குளியலறைப் பக்கம் வாஷிங் மெஷின் கடபுடவென்று சுற்றிக்கொண்டிருந்தது. அவர் போனை எடுத்துப் பணத்தை அனுப்பினார்.

"ஆச்சு. ஆனா அந்த மெஷினைப் பத்தி மட்டும் என்னை ஒண்ணும் கேட்டுடாதே," என்றார்.

சாயங்காலம் அம்மாவின் போன் அடித்தது. வீடியோ கால். பெனிட்டா முடியைக் குட்டையாக வெட்டிக்கொண்டிருந்தாள்.

"முந்நூறு வந்துச்சு," என்றாள். சிரிக்கவில்லை.

"அது உன்னோடது. அன்னிக்கு நான் கம்மியாக் குடுத்துட்டேன்."

"தெரியும்."

"ஸ்கேட் வாங்கிட்டியா?" என்று கேட்டாள் ரோஹிணி.

"காசு பத்தல. இனிமே வாங்குவேன். ஆனா இந்த வாட்டி ரெண்டு காலும் என்கிட்டதான் இருக்கும். பார்ட்னர் கீர்ட்னர் எல்லாம் வேண்டாம்."

ரோஹிணி தலையைக் குனிந்துகொண்டாள். பெனிட்டாவுக்குப் பார்ட்னர் வேண்டாம் என்று சொல்லிக் கொடுத்தது யார் என்று அவளுக்குத் தெரியும்.

"இங்க இப்ப யாருமே வர்றதில்ல," என்றாள். "குணா விழுந்துட்டான். நான் பிடிச்சுக்கல."

"அரே, குணாவா? அடி பலமா? அவன் திரும்பும்போது இடது பக்கம் சாய்வான் ரோஹு, அந்தப் பக்கமாதான் நிக்கணும். இவ்ளோ நாள் பார்த்துட்டுதானே இருந்த?"

"நான் வாட்ச்சைத்தான் பார்த்துட்டு இருந்தேன்."

பெனிட்டாவுக்கு லேசாகச் சிரிப்பு வந்தது. உடனே போய்விட்டது.

"அன்னிக்கு டாக்ஸியில நான் அழுதேன்," என்றாள்.

"நூறு ரூபாதான் குடுத்தேன்னா?"

"கொஞ்சம் அதுக்கும். ஆனா நீ கீழ வரவே இல்ல. தண்ணி டேங்க் தாண்டற வரைக்கும் நான் பின்னாடி கண்ணாடி வழியா பார்த்துட்டே இருந்தேன்."

குறைந்த முந்நூறைத் திருப்பி அனுப்ப முடிந்தது. இதை என்ன செய்வது?

ரோஹிணி வலது கையைத் தூக்கினாள். போனுக்கு நேராக, மெதுவாக, இப்படியும் அப்படியும் ஆட்டினாள்.

"என்ன பண்ற?"

"டாட்டா சொல்றேன்."

"லூசு! நாங்க வந்து ஒரு மாசம் ஆச்சு."

"தெரியும்," என்றாள் ரோஹிணி. கையை நிறுத்தவில்லை. கண்ணில் தண்ணீர் வந்ததில் திரை மங்கலாகத் தெரிந்தது.

பெனிட்டா முறைத்துப் பார்த்தாள். உதட்டைக் கடித்தாள். பிறகு திரையின் ஓரத்திலிருந்து ஒரு கை மேலே வந்தது. அதுவும் மெதுவாக ஆடியது.

"போதும், கை வலிக்கப் போகுது," என்றாள் பெனிட்டா.

ரோஹிணி தலையை ஆட்டினாள். கையை மட்டும் இறக்கவில்லை.