பூட்டிய உறைக்குள் துரு

ஜூலை நாலாம் தேதி, அமெரிக்கச் சுதந்திர தினத்தன்று காலை, வெர்னன் ஹாஸ்கெல் போட்ட கூச்சலில், பக்கத்து வீட்டு ரொபெர்ட்டா ஸ்விட்ஸர், தெருவுக்கெல்லாம் பெர்டா, பல் தேய்க்கும் பிரஷ்ஷோடு ஓடிவந்தாள். யாருக்கோ மாரடைப்பு என்று நினைத்திருந்தாள். வெர்னனின் கை நெஞ்சில் இல்லை; கிரில் அடுப்பின் மூடிமேல் இருந்தது.

அசல் எவர்சில்வர் மூடி. முகம் பார்த்துச் சவரம் செய்யலாம். விச்சிடாவின் அந்த முட்டுத்தெருவில் வெர்னனுக்குப் பிள்ளைகள் எத்தனை என்று மறந்தவர்கள் உண்டு. இந்த அடுப்பை அறியாதவர் இல்லை. அதன் முன்பக்கமெங்கும் இப்போது அம்மை போட்டதுபோலப் பழுப்புப் புள்ளிகள்.

"துரு! எவர்சில்வர்ல துரு! பெர்டா, இது லைல் வேலை!"

"உறை போடலையா?"

"போட்டுப் பூட்டினேன். சாவி என் கழுத்துல. அவன் வேலி மேலேர்ந்து உப்புத்தண்ணிய ஊத்தியிருக்கான். ஓரமா உள்ள இறங்கியிருக்கும்."

மரவேலிக்கு அந்தப் பக்கம் லைல் ஓஸ்டெர், கோழி ஊறும் உப்புத்தண்ணீர் வாளியும் கையுமாக, பாவம், அப்படியே நின்றான்.

"நானா? எனக்கு வேற வேலை இல்லையா?"

"போன வருஷம் என் விலாக்கறிகிட்ட தோத்த வயித்தெரிச்சல்டா உனக்கு. இன்னிக்கு விருந்துக்கு நீ வராத. தெருவுக்கே சொல்லிடறேன்."

லைல் வாளியைக் கீழே வைத்தான். திங்கட்கிழமை அவன் வீட்டைக் காலி செய்துகொண்டு அரிசோனா போகிறான். இந்தத் தெருவில் அவனுக்கு இதுதான் கடைசி விருந்து. பழிகாரன் என்ற பெயரோடு லாரி ஏறுவதா?

"மத்தியானம் வரைக்கும் வாயத் திறக்காத, வெர்னன்" என்றாள் பெர்டா. ஊர்வம்பு அவளுக்கு உயிர். ஆனால் பொய் வம்பு பிடிக்காது. அதில் ருசி இல்லை என்பாள்.

பிரஷ்ஷைச் சட்டைப்பையில் செருகிக்கொண்டு விசாரணையை ஆரம்பித்தாள்.

"நேத்து அடுப்பத் தொட்டது யாரு?"

"நான் மட்டும்தான். சாயங்காலம் சுத்தம் பண்ணினேன்."

"எதால?"

"எதால பண்ணுவாங்க? மெத்துத்துணி, சோப்புத்தண்ணி. தெரு முழுக்க நான்தானே பாடம் எடுக்கிறேன்? அப்புறம் குழாய்த் தண்ணில கழுவினேன்."

"காயவிட்டியா?"

"பேஸ்பால் ஆரம்பிச்சிடுச்சு. அப்படியே உறைய மாட்டினேன்."

சமையலறை ஜன்னலில் டார்லீன் தலை நீண்டது. வெர்னனின் மனைவி.

"பெர்டா, உன் வீட்ல பாத்திரம் தேய்க்கிற இரும்பு நார் இருக்கா? மக்ரோனி அடிப்பிடிச்சுக் கிடக்கு. புதுசா வாங்கின பொட்டலத்தையே காணோம்."

"கொண்டாறேன். உன் ஃபிரிட்ஜ்ல ஒட்டியிருக்கிற காந்தம் ஒண்ணு கொடு."

அடுப்பு வேலியை ஒட்டி நின்றது. பெர்டா இடுக்கில் கையை விட்டு மூடியின் பின்புறத்தைத் தடவினாள். விரல் கறுத்தது. பழைய கொழுப்பு, விரல் கனம். எட்டிப் பார்த்தாள். அங்கே ஒரு புள்ளிகூட இல்லை.

"அட!" என்றாள், தனக்குத்தானே.

மத்தியானம். தெருவே கொல்லைப்புறத்தில் கூடியிருந்தது. லைல் மட்டும் வேலிக்கு அந்தப் பக்கம்.

"லைல், நீயும் கேளு" என்று குரல் கொடுத்தாள் பெர்டா. "வேலி மேலேர்ந்து ஊத்தினா முதல்ல எது நனையும்?"

"பின்பக்கம்."

"பின்பக்கம் சுத்தமா இருக்கு. துருவைச் சொல்றேன், அழுக்கு நிறைய இருக்கு. துரு எங்கெல்லாம்? நாலு பேர் பார்க்கிற இடத்துல மட்டும். அதாவது, வெர்னன் தேய்ச்ச இடத்துல மட்டும்."

காந்தத்தைக் காகிதத் துடைப்பானில் சுற்றி மூடியில் வைத்தாள். ஒட்டாமல் நழுவியது. கைப்பிடி மூலைகளில் அழுத்தி இழுத்துக் காகிதத்தைத் தூக்கிக் காட்டினாள். பழுப்பு மயிரிழைகள் குத்திட்டு நின்றன.

"மூடி துருப்பிடிக்கல. மூடியில ஒட்டின இரும்புத்தூள் துருப்பிடிச்சிருக்கு. ஈரத்தோட உறையையும் மாட்டினா ராத்திரில வேற என்ன ஆகும்? உள்ள யாரும் வரல. குற்றவாளி பூட்டறதுக்கு முன்னாலயே உள்ள இருந்தான். டார்லீன், உன் இரும்பு நார் கிடைச்சாச்சு."

வெர்னனின் காதுமடல் சிவந்தது.

"கறை துணிக்குப் போகல, பெர்டா. பளபளன்னு இருக்கட்டுமேன்னு… லேசா…"

"லேசா! பொட்டலம் முழுசும் தீர்ந்திருக்கு!" என்றாள் டார்லீன். "உன் மெத்துத்துணிப் பிரசங்கத்தைக் கேட்டு என் கைதான் தேஞ்சது."

சிரிப்பு அடங்க நேரமானது. வெர்னன் வேலியருகே போனான். தொண்டையைக் கனைத்தான்.

"லைல்… நான் ஒரு மடையன்டா."

"அது எனக்குப் பல வருஷமாத் தெரியும். பேக்கிங் சோடா இருக்கா? குழைச்சு, உலோகத்துல கோடு ஓடற வாக்குலயே தேய்ச்சா போயிடும். நீ தொடாத. நான் வரேன்."

துரு போனது. பின்புறக் கொழுப்பை மட்டும் வெர்னனே சுரண்டவேண்டும் என்று தெரு தீர்ப்பளித்தது. அவன் சுரண்டி முடிப்பதற்குள் லைல் இடுக்கியைப் பிடித்துக் கறியைப் பரப்பிவிட்டான். அந்த அடுப்பு வந்த நாளாக அடுத்தவன் கை அதில் பட்டதில்லை.

வேறு வழியின்றி வெர்னன் நாற்காலியில் உட்கார்ந்தான். டார்லீன் தட்டை நீட்டினாள். எல்லோருக்கும் சுட்டுப்போட்டுவிட்டுக் கடைசியில் ஆறிப்போனதையே தின்று பழகியவன், ஆவி பறக்கும் விலாக்கறியைக் கடித்தான். மென்றான். கண்ணை மூடினான்.

"ஏண்டி டார்லீன்," என்றான் மெதுவாக, "சூடா இருந்தா இது இப்படியா இருக்கும்?"