துண்டின் மறுமுனை

அன்று ஊசுடு ஏரிக்கு நடந்து போனவர்கள் மூலக்குளம் தெய்வசிகாமணியும் அவர் மகன் இராமதாஸும். எதிர்க்கரையில் காத்திருந்தவர்கள் பூசாரி அம்மாவாசை, தெய்வசிகாமணியின் பங்காளி முருகையன், முருகையனின் தம்பி சின்னக்கண்ணு. ஆக ஐந்து பேர். 1957, மார்கழி முதல் வெள்ளி.

ஏரியில் ஒரு பறவைகூட இல்லை என்பதைக் கரையில் கால் வைத்ததுமே தெய்வசிகாமணி கவனித்தார். மழை ஓய்ந்து ஏரி ததும்பும் மார்கழியில் நாரையும் தாராவும் போடுகிற கூச்சலில் பக்கத்தில் நிற்பவன் பேசுவது கேட்காது. இன்றோ நாணல் உரசும் சத்தம்கூட இல்லை. அழுகிய பாசியின் வாடை மட்டும் வெயிலில் கனத்து எழுந்து மூக்கில் ஒட்டிக்கொண்டது.

ஏரி நிரம்பியபின் வரும் முதல் மார்கழி வெள்ளியன்று, உச்சிப்பொழுதுக்குள், எதிர்க்கரை அம்மனிடம் நடந்தே போய்ச் சேர வேண்டும். அங்கே முதல் விபூதி அவர் வீட்டுக்கு. ஒற்றை ஆளாகப் போனால் கிடையாது; வீட்டு ஆட்கள் இரண்டு பேர் நிற்க வேண்டும். தவறினால் முருகையன் வீட்டுக்குப் போய்விடும். நான்கு தலைமுறையாகத் தவறியதில்லை. ஆனால் இந்த வருஷம் ஏரிக்கு வரும் செம்மண் மேட்டுத் தடத்தை மழை அரித்துத் தின்றிருந்தது. பள்ளம் பள்ளமாகச் சுற்றி வந்ததில் மணி பதினொன்று தாண்டிவிட்டது. கரையோடு சுற்றிப் போனால் இன்னும் ஒன்றரை மணி நேரம் ஆகும்.

"கோடைத் தடத்துல போயிடலாம்" என்றார்.

இராமதாஸ் தண்ணீரைப் பார்த்தான். கோடையில் ஏரி வற்றும்போது ஊரார் குறுக்கே நடக்கிற ஒற்றை வரப்பு அது. இப்போது முழங்கால் ஆழத்துக்குக் கீழே எங்கோ கிடந்தது.

"பிரெஞ்சுக்காரனே மூட்டை கட்டிக்கினு போயிட்டான். உங்க மரியாதை மட்டும் போவமாட்டேங்குதாப்பா?"

"அவன் வந்தவன், போனான். நாம இருக்கறவங்க. துண்டைப் புடிடா."

தண்ணீரில் தடம் கடக்கும்போது முன்னால் போகிறவர் துண்டின் ஒரு முனையைப் பிடிப்பார், பின்னால் வருகிறவர் மறுமுனையை. முன்னால் போகிறவர் திரும்பிப் பார்க்கக் கூடாது. ஓரடி அகல வரப்பில் திரும்பினால் கால் வழுக்கும். தெய்வசிகாமணி துண்டைத் தோளுக்கு மேலாகப் பின்னால் விட்டு, கால்விரலால் வரப்பைத் துழாவிக்கொண்டு இறங்கினார்.

சேறு சில்லிட்டது. பின்னால் மகன் முணுமுணுத்தபடி வருவதும், தண்ணீர் அளையும் சத்தமும் கேட்டன. இருபது முப்பது அடி வைத்திருப்பார். துண்டு வெடுக்கென்று ஒரு இழுப்பு இழுத்து, உடனே தொய்ந்தது. பிறகு மறுபடியும் இறுகியது.

"வழுக்குச்சா?"

பின்னால் முணுமுணுப்பு நின்றிருந்தது. கோபித்துக்கொண்டான் என்று நினைத்தார். கோபித்துக்கொள்ளட்டும். எதிர்க்கரையில் முருகையனின் வெள்ளை வேட்டி தெரிந்தது. அதைப் பார்த்தபடி நடந்தார்.

பாதி தூரத்தில்தான் அவருக்கு உறைத்தது. தண்ணீர் அளையும் சத்தம் ஒன்றுதான். அவருடைய கால் சத்தம். பின்னால் ஒன்றுமே இல்லை.

துண்டு மட்டும் இறுக்கமாக இருந்தது.

"இராமதாஸ். வரியாடா?"

துண்டு இரண்டு முறை இழுத்தது. மெதுவாக. தோளில் ஈரம் ஏறியது. நனையாத துண்டு. இப்போது நனைந்துகொண்டே வந்தது, முனையிலிருந்து.

வேகமாக நடந்தார். அதுவும் வேகமாக வந்தது. பாசி வாடை கழுத்தருகில். வெயில் உச்சந்தலையில். முதுகு மட்டும் குளிர்ந்தது.

கரை. கல். கையூன்றி ஏறினார்.

அப்போது ஏரிக்கு அந்தப் பக்கமிருந்து, வெகு தூரத்திலிருந்து, குரல் வந்தது.

"அப்பா! வுழுந்துட்டேன்பா! கரைக்கே திரும்பி வந்துட்டேன்! கூப்புடக் கூப்புட நிக்காம போறீங்களே!"

மகனின் குரல்.

துண்டு இறுக்கமாகவே இருந்தது.

சின்னக்கண்ணு திரும்பி ஓடினான். முருகையன் வாய் திறந்தபடி நின்றார். விபூதித் தட்டோடு நின்ற பூசாரி தெய்வசிகாமணியைப் பார்க்கவில்லை. அவருக்குப் பின்னால், கொஞ்சம் உயரத்தில் பார்த்தார்.

"ஐயா... அது யாருங்க?"

நேரம் இருந்தது. துண்டை விட்டிருக்கலாம். 'தெரியாது' என்றிருக்கலாம். ஒற்றை ஆள் என்று ஒப்புக்கொண்டால் போதும். விபூதி முருகையனுக்குப் போயிருக்கும், அவ்வளவுதான். முருகையனின் முகத்தை ஒருமுறை பார்த்தார். முதுகை நிமிர்த்தினார்.

"எங்க வூட்டு ஆளுதான். குடு."

பூசாரி கண்ணை மூடிக்கொண்டு தட்டை நீட்டினார். தெய்வசிகாமணி எடுத்துப் பூசிக்கொண்டார். அவர் தோளுக்கு மேலாக இன்னொரு கை நீண்டது. அதுவும் எடுத்துக்கொண்டது.

அந்த வருஷம் முதல் விபூதி முருகையன் வீட்டுக்குப் போய்விட்டது என்று மூலக்குளத்தில் சிலர் சொல்கிறார்கள். அது பொய். மகன் காலாப்பட்டு மாமன் வீட்டோடு போய்விட்ட பிறகு தெய்வசிகாமணி அந்த வீட்டில் தனியாக இருக்கிறார் என்றும் சொல்கிறார்கள். அதுவும் பொய். தினமும் இரண்டு இலை போடுகிறார். இரண்டு இலையும் காலியாகிறது.