தலைவர் வீட்டுச் சட்டை

மாலாங் நகரம், ஐந்தாம் சந்துக் குடியிருப்பாளர் அனைவருக்கும் இதனால் அறிவிக்கப்படுவது: சந்துத் தலைவர் பாக் டார்சோனோ அவர்களின் மலைப்பாம்பு ராடென் சட்டை உரிக்கவிருப்பதால், திங்கட்கிழமை வரும் விடுதலை நாளுக்கான கயிறிழுப்பு ஒத்திகை மறு உத்தரவு வரை நிறுத்தப்படுகிறது. சந்தில் நடப்போர் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டால் நன்று.

ஒலிபெருக்கியில் இதை வாசித்தவர், தன் பெயருக்கு முன் தானே ‘பாக்’ என்று ‘ஐயா’ போட்டுக்கொண்டவர், தலைவரேதான். உரிக்க உதவுகிறவள் அவர் மனைவி சுவார்னி. பாம்புப் பிரியர் சங்கத்தில் ‘உரிதலும் உரிமையாளர் கடமையும்’ என்று முக்கால் மணி நேரம் பேசத் தெரிந்த மனிதருக்கு வெந்நீர் விளாவத் தெரியாது.

மாலாங் மலைப்பகுதியின் ஆகஸ்டு மாதத்து வறண்ட குளிரில் பழைய தோல் காய்ந்து ஒட்டிக்கொள்ளும். பாம்பின் கண்ணில் பால் படிந்து நீலமாகும், இரை எடுக்காது, கிட்டே போனால் சீறும். வெதுவெதுப்பான நீரில் ஊறவைத்து ஈரத் துண்டுக்குள் விட்டால் அதுவே உரசிக் கழற்றிக்கொள்ளும். இழுக்கக் கூடாது. உதிர்ந்ததையெல்லாம் சுவார்னி ஒரு பிஸ்கட் டப்பாவில் சேர்த்துவைப்பாள், ஏதாவது மிச்சம் ஒட்டியிருக்கிறதா என்று ஒப்பிட்டுப் பார்க்க.

புதன்கிழமை குளியலறையில் கிடைத்த தோல் துண்டில் செதில் கட்டம் இல்லை. மெல்லிய வளைகோடுகள், ஒன்றினுள் ஒன்றாக. அடிவயிற்றுத் தோலாக இருக்கும் என்று டப்பாவில் போட்டாள். போட்ட கையை ஏனோ இரண்டு முறை கழுவினாள்.

அவள் மனதில் வேறு சந்தேகம் ஓடிக்கொண்டிருந்தது. மூன்று நாளாகத் தலைவர் சாப்பிடவில்லை. வீட்டுக்குள்ளும் கறுப்புக் கண்ணாடி. குளியலறைக் கதவைத் தாழிட்டுக்கொண்டு மணிக்கணக்கில் தண்ணீர்ச் சத்தம். அலமாரிக்குப் பின்னால் நான்கு புட்டி லோஷன். இருபத்தாறு வருடக் குடித்தனம், குழந்தை குட்டி கிடையாது. அவரும் கைவிட்டுப் போனால் சுவார்னியின் கதி என்ன?

“ஐம்பத்தாறு வயசு ஆம்பள லோஷன் வாங்கினா, ஒண்ணு மூட்டுவலி, இல்ல மூட்டை கட்டுறாருன்னு அர்த்தம்,” என்றாள் பக்கத்து வீட்டு டூட்டிக், வெள்ளிக்கிழமை நண்பகல் ஒத்தாசைக்கு வந்தபோது. “தொழுகைக்குக்கூட போகலையாமே?”

“உடம்பு சரியில்லையாம்.”

“உடம்பா? பேர் என்னவாம் அந்த உடம்புக்கு?”

சுவார்னிக்குச் சிரிப்பு வரவில்லை. இருவரும் ஈரத் துண்டைப் பிரித்தார்கள். ராடென் பளபளவென்று வெளியே வந்தது. அதன் பின்னால், உதட்டிலிருந்து வால் நுனிவரை, கண் மூடிகள் இரண்டும் உட்பட, சட்டை ஒரே நீளமாக, முழுசாகக் கிடந்தது.

“ஒரு கிழிசல் இல்லக்கா. என்னமோ துண்டு துண்டா வருதுன்னு டப்பா நெறைய வெச்சிருக்கீங்களே, அப்ப அது யாரோடது?”

கேட்டுவிட்டு, அடுப்பில் சோறு இருக்கிறதென்று டூட்டிக் போய்விட்டாள்.

ஆண்களெல்லாம் பள்ளிவாசலுக்குப் போயிருந்ததால் சந்தே ஓய்ந்து கிடந்தது. கட்டியிருந்த காகிதக் கொடிகள் காற்றில் சரசரக்கும் ஒலி கூரைக்கு மேலிருந்து வருகிறதா படுக்கையறைக்குள்ளிருந்து வருகிறதா என்று சுவார்னியால் சொல்ல முடியவில்லை.

“வார்னி,” என்றது உள்ளிருந்து குரல். “காத்து புகுந்துடுச்சு. வந்து சுரண்டி விடு.”

உடம்புக்குள் காற்று புகுந்து குளிர், காய்ச்சல் என்றால் தைலம் தடவி, சிவப்புக் கோடு விழும்வரை காசால் முதுகைச் சுரண்டுவது அந்த ஊரில் எல்லா வீட்டிலும் நடக்கும் வைத்தியம்தான். காற்று, வெறும் காற்று, வேறொன்றும் இல்லை. அவளுக்கு அழுகையே வந்தது, நிம்மதியில்.

அறை இருட்டாக இருந்தது. நனைந்த அட்டைப்பெட்டியின் வாசனை. அவர் குப்புறப் படுத்திருந்தார். தைலம் தடவிக் காசை இழுத்தாள். சிவப்புக் கோடு எழும்பவில்லை. இன்னும் அழுத்தினாள். காசுக்கு அடியில் காகிதம் கசங்கும் ஒலி.

“முதுகுல ஆரம்பிக்கக் கூடாது,” என்றார், சங்கத்தில் பேசும் அதே தொனியில். “மூக்கு நுனியில ஆரம்பிக்கணும். எத்தனை தடவை மேடையில சொல்லியிருக்கேன்.”

திரும்பினார். கறுப்புக் கண்ணாடி இல்லை. இரண்டு கண்ணிலும் பால்நீலம்.

“பாக், டாக்டரக் கூப்பிடுறேன்.”

“திங்கட்கிழமை கொடியேத்துறது நானு. முகம் பளபளன்னு இருக்க வேண்டாமா? ஈரத் துண்டை எடு.”

ஓடியிருக்கலாம். கதவு திறந்துதான் இருந்தது. ஆனால் இருபத்தாறு வருடமாக அவர் சொன்னதை அவள் செய்துவந்திருக்கிறாள். மேலும், அவருக்கு வலிக்குமோ என்று பயமாக இருந்தது.

துண்டை நனைத்தாள். மூக்கில் ஒற்றினாள். ஓரம் எழும்பியது. விரலில் பிடித்தாள். இழுக்கவில்லை. அதுவாக வந்தது. நெற்றி. காது. கழுத்து. காலுறையைக் கழற்றுவதுபோல். உள்பக்கம் வெளியே. உதடுகள் அவள் கையில் தொங்கியபடி பேசிக்கொண்டே இருந்தன.

“மெதுவா. அவசரப்படாதே. இதுல முக்கியமா கவனிக்க வேண்டியது...”

பேச்சு நின்றது.

தோள். இடுப்பு. அவர் கிடந்த இடத்தில் கட்டில் விரிப்பின் சுருக்கங்கள் தெரிந்தன. பாதம் கடைசியாக வந்தது.

தோல் ஒரு கிழிசலும் இல்லாமல் வந்திருந்தது. உள்ளே ஒன்றும் இல்லை.