சிரிக்காத ஒரு படம்

"சிரிக்காதீங்கன்னு சொன்னேன்ல..."

"நான் எங்க சிரிச்சேன்? நீங்கதான்..."

"உதடு இல்ல மேடம், கண்ணு சிரிக்குது."

"அதுக்கு? கண்ணைக் கழட்டி வீட்டுலயா வெச்சுட்டு வர முடியும்?"

தோல் மருத்துவமனையின் அந்தச் சின்ன அறையில், விளக்குகளுக்கு நடுவே முக்காலியில் உட்கார்ந்திருந்தவள் நீச்சல் கற்றுக்கொடுப்பவள். எதிரே காமிராவோடு நின்றவன், சிகிச்சைக்கு முன்னும் பின்னும் முகங்களைப் படம் எடுப்பவன். முன்படத்தில் சிரிக்கக் கூடாது. எது சுருக்கம், எது சிரிப்பு என்று டாக்டர் குழம்பிப் போவார். இவளுக்கோ, அவன் புருவத்தை நெரித்தாலே சிரிப்பு வந்தது.

"வெயில்ல நின்னு நின்னு இமையெல்லாம் சுருங்கிடுச்சு தம்பி," என்றாள் மூலையில் உட்கார்ந்திருந்த அவளுடைய அக்கா. "கேட்டு வந்த வரன்கூட, வயசு ஜாஸ்தியோன்னு பின்வாங்கிட்டாங்க."

அவள் சிரிப்பு நின்றுவிட்டது. படம் எடுக்க அதுதான் சரியான நொடி. அவன் எடுக்கவில்லை... ஏன்?

போன் வந்து அக்கா வெளியே போனதும் அவளே கேட்டாள்.

"ரெண்டு லேசர் சொன்னாங்க. ஒண்ணு மேல்தோலையே சீவி எடுக்குமாம், முகம் சிவந்து கிடக்குமாம். இன்னொண்ணு புள்ளி புள்ளியாப் படுமாம், சீக்கிரம் ஆறிடுமாம், ஆனா பல தடவை வரணும். எத்தனையோ முகம் பார்த்திருப்பீங்க... எது நல்லது?"

"ரெண்டும் வேண்டாம்."

"பரிதாபமா?" சுருக்கென்று வந்தது கோபம். "என் முகம், என் முடிவு. நீங்க படத்தை எடுங்க."

முகம் கல்லாயிற்று. காமிரா 'க்ளிக்' என்றது.

அவன் காமிராவின் திரையை அவள் பக்கம் திருப்பினான். கல்முகத்துக்கு முந்தையது, முதலில் சிரிப்பு வந்து வீணான படம்; அதில் அவள் சிரித்துக்கொண்டிருந்தாள். கூழாங்கல் விழுந்த குளம்போல இமையோரம் அலை அலையாய் விரிந்த கோடுகள்... இது நானா?

"இதை அழிச்சிருக்கணுமே?"

"கை வரல."

தொண்டையைச் செருமிக்கொண்டான். காது மடல் சிவந்திருந்தது.

"லேசர் வெச்சா, பின்படத்துக்கு மறுபடி வருவீங்க. வேண்டாம்னா வரமாட்டீங்க. தெரிஞ்சேதான் வேண்டாம்னேன். எனக்குத்தான் நஷ்டம்... ஆனா இந்தக் கண்ணைப் பார்த்துட்டுப் பொய் சொல்ல முடியல."

உள்ளிருந்து டாக்டர் கூப்பிட்டார். அவள் எழுந்தாள். கதவில் கை வைத்தவள், திரும்பிப் பார்க்காமலே நின்றாள்.

"வேண்டாம்னு டாக்டர்கிட்ட சொல்லிடறேன்... அப்புறம் உங்களைப் பார்க்க, நான் என்ன சாக்கு சொல்லிட்டு வரது?"