நான்காம் தொட்டியின் மூடி

"ஐயோ... சின்யோரா! ஓடி வாங்க!"

வேலைக்காரன் அமெடேயோவின் அலறல் ஒயின் கிடங்கின் கூரையில் மோதித் திரும்பியது.

ஒர்சோலா ஓடவில்லை. நடந்தாள்.

நான்காம் தொட்டிக்குள் திராட்சைக் குலைகளின் மேல் குப்புறக் கிடந்தான் துல்லியோ. அவளுடைய ஒரே தம்பி. மிலானோவாசி. தோட்டத்தில் முக்கால் பங்கு அவன் பேரில்... அப்பா செய்த ஓரவஞ்சனை!

கொடிகளைப் பிடுங்கி எறிந்துவிட்டு நீச்சல்குளம் வெட்ட நாக்கைத் தொங்கப்போட்டுக்கொண்டு திரிந்தான் ரவாஸி என்ற ஹோட்டல்காரன். துல்லியோ ஒரு கையெழுத்துப் போட்டால் போதும். கொடிகள் அடுப்புக்கு. ஒர்சோலா தெருவுக்கு.

இனி யார் கையெழுத்துப் போடுவது?

பிணத்தை வெளியே எடுத்துப் போர்த்தினார்கள். ஊர்ப் போலீஸின் தலைவர் ஸ்கார்பா, ஒர்சோலா கொடுத்த காபியை அவசரமே படாமல் உறிஞ்சினார்.

"மோந்து பாக்கக் குனிஞ்சிருப்பார். திராட்சை நொதிச்சு உள்ள பூரா வெஷ வாயு. ரெண்டு மூச்சு... அவ்ளோதான். இந்தப் பக்கத்துல இது புதுசு இல்ல. விபத்துன்னு எழுதிடலாமா சின்யோரா?"

"எழுதிடுங்க."

பதில் கொஞ்சம் சீக்கிரமாகவே வந்துவிட்டது!

ஸ்கார்பா திரும்பினார். "அமெடேயோ, நீ வந்தப்ப மூடி எப்படி இருந்துச்சு?"

"இறுக்கித் திருகி இருந்துச்சு சார். நான்தான் தெறந்தேன். காலைல ஒரு மோப்பம் புடிக்காட்டி எனக்குப் பொழுதே விடியாது..."

ஸ்கார்பாவின் கோப்பை உதட்டருகே நின்றது.

"அப்ப... செத்தவர் எந்திரிச்சு வந்து, மூடியத் திருகிட்டு, மறுபடி உள்ள போய்ப் படுத்துக்கிட்டாரா?"

அமெடேயோ வெளிறினான். "என்னை ஏன் சார் பாக்கறீங்க? நேத்து வெரோனால மச்சினி கல்யாணம்! மேஜை மேல ஏறி ஆடினேன். ஊரே சாட்சி!"

"தெரியும்யா. அந்தக் கண்றாவியப் பாத்த பாவிங்கள்ல நானும் ஒருத்தன்."

"திருடனா இருக்கும்," என்றாள் ஒர்சோலா.

"திருடன் ஓடுவான் சின்யோரா. நின்னு மூடியெல்லாம் போட மாட்டான்."

அதோடு விட்டுவிட்டார். மழையைப் பற்றிப் பேசினார். மாமனாரின் மூட்டு வலியைப் பற்றிப் பேசினார். ஒர்சோலாவின் காதில் எதுவும் ஏறவில்லை.

மூடி திறந்தே கிடந்தது.

இந்த இலையுதிர்காலத்தில் பறித்த திராட்சை. வருகிற மாதமே மேஜைக்குப் போக வேண்டிய ஒயின். பச்சைக் குழந்தை! காற்று பட்டால் புளித்துவிடும்.

ஸ்கார்பா மூட்டு வலியை முடித்து முதுகு வலிக்கு வந்தார்.

காற்று... உள்ளே... போய்க்கொண்டே...

எழுந்தாள். ஏணியில் ஏறினாள். மூடியைத் தள்ளித் திருகினாள்.

க்ளக்!

ஸ்கார்பா பேச்சை நிறுத்தினார். "மூடிட்டீங்க."

"காத்து... காத்து பட்டுடும்ல..."

"பிணம் கிடந்த ஒயின் சின்யோரா! இனி எவன் குடிக்கப் போறான்?"

ஏணிப் படியிலேயே சரிந்து உட்கார்ந்தாள். தன் கைகளையே வெறித்தாள்.

"நேத்து சாயங்காலமும் இதே கைதான் மூடுச்சு, இல்ல?"

ஒர்சோலா தலையசைத்தாள்.

"பேசணும்க்கான்னு வந்தான். மேல ஏறி மூடியத் தெறந்து மோந்து பாத்தான். 'இந்த வருஷம் பிரமாதம்க்கா'ன்னான். வித்துத் தின்ன வந்தவன், மோந்து வேற பாக்கறானேன்னு... ஒரே ஒரு தள்ளுதான். விட்டுருந்தா இங்க ஒரு கொடி மிஞ்சியிருக்காது. நான் ஜெயிலுக்குப் போறேன் சார். தோட்டமாவது பொழைக்கட்டும்."

அப்போதுதான் மேஜை மேலிருந்த ஒர்சோலாவின் போன் அலறியது.

ஸ்கார்பா ஸ்பீக்கரைத் தட்டினார்.

"சின்யோரா, ரவாஸி பேசறேன். துல்லியோ அங்கதான இருக்கார்? கொஞ்சம் எடுத்துச் சொல்லுங்களேன். நேத்து மத்தியானம் கையெழுத்துப் போட முடியவே முடியாதுன்னுட்டார்!"

ஒர்சோலா தலையை நிமிர்த்தினாள். "என்ன... என்ன சொன்னான்?"

"தன் பங்கையும் உங்களுக்கே குடுக்கப் போறாராம். நேர்ல சொல்லணும்னு உடனே கார் ஏறிட்டார். ஏன் சார் இப்படின்னு கேட்டேன். சிரிக்கறார்! 'இதை வித்தா எங்கக்கா என்னைக் கொன்னே போட்டுடுவா'ங்கறார்!"

ஒர்சோலா படியிலிருந்து எழவில்லை.

ஸ்கார்பா போனை நோக்கிக் குனிந்தார்.

"விக்காட்டாலும் அதேதான் சார்!"