கடல் பக்கம் இழுத்த கார்

சிந்துவின் வீட்டுக் கார் இரண்டு வாரமாக ஒரே அடம். நேராகப் போ என்றால் இடது பக்கம் போகும். ஸ்டியரிங்கைக் கொஞ்சம் வலது பக்கம் இழுத்துப் பிடித்தால்தான் சொன்ன பேச்சைக் கேட்கும்.

இதில் மாட்டிக்கொண்டு முழித்தவர் சிந்துவின் அம்மா செண்பகம்.

அம்மா ஜூன் மாதம்தான் லைசென்ஸ் வாங்கினார். வாங்கிய அன்று மந்தைவெளியில் அவர்கள் குடியிருப்பு முழுக்க லட்டு கொடுத்தார். பன்னிரண்டு வருடமாக நெரிசலான பஸ்ஸில் ஒற்றைக் காலில் நின்றபடி அடையாறு அலுவலகத்துக்குப் போய் வந்தவர் அவர். வரும் திங்கட்கிழமையிலிருந்து காரில் போவது என்று நாள்கூடக் குறித்துவிட்டார்.

அதற்குள் அந்த நாய் வந்தது.

சாந்தோம் பக்கம் ஒரு தெருவில் அம்மா கார் ஓட்டிக்கொண்டிருந்தார். பக்கத்து இருக்கையில் சிந்து. பெரிய அதிகாரி மாதிரி ஒரு வெள்ளை நாய் நிதானமாகக் குறுக்கே நடந்தது. அம்மா பதறிப்போய் ஸ்டியரிங்கை ஒடித்தார். முன்சக்கரம் நடைபாதைக் கல்லில் ‘டங்’ என்று மோதி நின்றது. நாய் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

யாருக்கும் அடிபடவில்லை. இறங்கிப் பார்த்தார்கள். காரிலும் ஒன்றும் உடையவில்லை.

“அப்பாகிட்ட சொல்லாதடி. வருஷக் கணக்கா கேலி பண்ணுவார்” என்றார் அம்மா.

“சொல்ல மாட்டேன்” என்று சிந்து வாக்குக் கொடுத்துவிட்டாள்.

கார் அடம் பிடிப்பது அன்றைக்குத்தான் தொடங்கியது. சொல்லாவிட்டாலும் கேலி மட்டும் தப்பவில்லை. சிந்துவின் அப்பா ரகுபதி தி.நகரில் பாத்திரக்கடை வைத்திருக்கிறார். கடைக்கு ஸ்கூட்டரில்தான் போவார். ஒருநாள் மாலை அம்மா கார் ஓட்ட, அப்பா பின் இருக்கையில் உட்கார்ந்து வந்தார்.

“என்ன செண்பகம், வண்டி கடலுக்குக் குளிக்கப் போகுதா?” என்றார்.

அம்மாவும் சிரித்தார். ஆனால் வீட்டுக்கு வந்ததும் சாவியை அப்பாவிடம் நீட்டினார்.

“என்னங்க, நான் பஸ்லயே போய்க்கிறேன். எனக்கு வண்டி வராது. என் கை சரியில்ல.”

சிந்துவுக்குச் சுருக்கென்றது. அம்மாவின் கை எப்படிச் சரியில்லாமல் போகும்? கல்லில் மோதும் வரை அதே கை நேராகத்தானே ஓட்டியது?

அப்பா அந்தப் பக்கம் போனதும் அம்மாவிடம் கிசுகிசுத்தாள். “அம்மா, அன்னிக்கு இடிச்சதுல சக்கரத்துக்கு ஏதாவது ஆகியிருக்கும். மெக்கானிக்கிட்ட காட்டலாம்மா.”

“அதெல்லாம் ஒண்ணும் ஆகல. நம்ம தப்பை வண்டி மேல போடக் கூடாது. போய்ப் படி.”

அம்மா இப்படிச் சொன்னால் பேச்சு முடிந்தது என்று அர்த்தம். அப்பாவிடம் சொல்லலாம் என்றால் வாக்கு குறுக்கே நின்றது. சிந்து அறிவியல் புத்தகத்தைத் திறந்து வைத்துக்கொண்டு அரை மணி நேரம் ஒரே பக்கத்தைப் பார்த்தாள். வாயைத் திறக்காமலே அப்பாவுக்குத் தெரிய வேண்டும். அதற்கு என்ன வழி?

ஞாயிற்றுக்கிழமை மாலை அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

“அப்பா, பெசன்ட் நகர் பீச்சுக்குப் போலாமா? இன்னிக்கு நீங்க ஓட்டுங்க. எப்படி ஓட்டணும்னு அம்மா பார்த்துக்கட்டும்.”

அப்பாவுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. “அப்படிக் கேளு!” என்று சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டார். அம்மா பின்னால் ஏறிக்கொண்டார். சிந்து முன்னால் உட்கார்ந்தாள்.

பட்டினப்பாக்கம் வந்தது. அப்பா மிடுக்காக ஓட்டினார். கார் மெதுவாக இடது பக்கம் ஒதுங்கியது. அப்பா வலது பக்கம் இழுத்தார். மறுபடியும் ஒதுங்கியது. மறுபடியும் இழுத்தார்.

“என்னப்பா ஆச்சு?” என்று சிந்து அப்பாவியாகக் கேட்டாள்.

“ஒண்ணுமில்ல. கடல் காத்து. வண்டியைத் தள்ளுது.”

சிந்து ஜன்னல் வழியாகப் பார்த்தாள். இடது பக்கம் கடல். அங்கிருந்து வந்த காற்றில் அவள் முடியெல்லாம் அப்பா பக்கம் பறந்தது.

“காத்து கடல்லேருந்துதானே வருது? அப்போ நம்மள வலது பக்கமால்ல தள்ளணும்? இது கடலைப் பார்த்துல்ல போகுது!”

அப்பா சாலையைக் கூர்ந்து பார்த்தார். “ரோடு இடது பக்கம் சரிவா இருக்கும்” என்றார் பிறகு.

“முன்னாடி போற ஆட்டோ நேராத்தானேப்பா போகுது? ஸ்டியரிங்கைப் பாருங்க. நேரா போகும்போதே ஹாரன் படம் கோணலா இருக்கு.”

அப்பா பார்த்தார். ஆமாம், கோணல்தான்! பின்னால் அம்மாவும் எட்டிப் பார்த்தார். இரண்டு வாரத்தில் முதல் தடவையாக அவர் முகத்தில் ஒரு தெளிவு வந்தது.

“அப்போ... என் கை இல்லையா?”

“ரெண்டு பேர் கையும் இல்லம்மா. வண்டிதான்!”

அடையாறில் சக்கரம் சரிபார்க்கும் கடை ஒன்று திறந்திருந்தது. மெக்கானிக் கலீமுல்லா காரை மேடையில் ஏற்றிச் சக்கரங்களை ஒவ்வொன்றாகக் கையால் பிடித்து ஆட்டிப் பார்த்தார். அடியில் டார்ச் அடித்து எல்லாக் கம்பிகளையும் பார்த்தார். பிறகு ஒவ்வொரு சக்கரத்திலும் ஒரு கருவியை மாட்டினார். கம்ப்யூட்டர் திரையில் எண்கள் சிவப்பாக மின்னின.

“ஒண்ணும் உடையல, வளையல. பயப்படாதீங்க. ஆனா முன்சக்கரம் ரெண்டும் சண்டை போட்டுக்கினு கீது” என்றார் அவர். “ஒண்ணு அடையாறைப் பார்க்குது. இன்னொண்ணு பெசன்ட் நகரைப் பார்க்குது. எங்கனா கல்லுல இடிச்சீங்களா?”

அப்பா இல்லை என்று தலையாட்டினார். சிந்து உதட்டை இறுக்கி மூடிக்கொண்டாள். மூச்சுகூட விடவில்லை.

அம்மா சிந்துவைப் பார்த்தார். அந்த மூடிய வாயைப் பார்த்ததும் அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

“நான்தாங்க இடிச்சேன். நாய் குறுக்கே வந்துச்சு. நீங்க கேலி பண்ணுவீங்கன்னு சொல்லல.”

அப்பா கேலி பண்ணத்தான் வாயைத் திறந்தார். அதற்குள் கலீமுல்லா பின்பக்கத்திலிருந்து குரல் கொடுத்தார்.

“சார், இந்தாண்ட பின்சக்கரமும் எங்கயோ அடி வாங்கிக்கினு வந்துருக்கே! ஓரமெல்லாம் தேஞ்சு கீது. இது பழசு. ஒரு வருசம் இருக்கும்.”

ஒரு வருடத்துக்கு முன்பு அம்மா ஸ்டியரிங்கைத் தொட்டதே இல்லை. அம்மாவும் சிந்துவும் ஒரே நேரத்தில் அப்பா பக்கம் திரும்பினார்கள்.

அப்பா இருமினார். “அது... தீபாவளிக் கூட்டத்துல... நடுவுல சிமென்ட் தடுப்பு வச்சிருந்தாங்க. அது முன்னாடியே சொல்லியிருக்கலாம்” என்றார். தடுப்பு எப்படிச் சொல்லும் என்று யாரும் கேட்கவில்லை. சிரிக்கவே நேரம் போதவில்லை.

அம்மாவின் முகத்தைப் பார்த்த அப்பாவின் சிரிப்பு மட்டும் சட்டென்று நின்றது. “நானும் மறைச்சேன், நீயும் மறைச்ச. அதுல உன்னை வேற கேலி பண்ணிட்டேன். தப்புதான் செண்பகம்” என்றார்.

கலீமுல்லா ஸ்டியரிங்கை நேராக நிறுத்தி, அடியில் போய்ச் சில மரைகளைத் திருகினார். திரையில் சிவப்பு எண்கள் ஒன்றொன்றாகப் பச்சையாயின. காரை இறக்கிச் சாவியை நீட்டினார்.

“யாரு ஓட்டிப் பார்க்கறீங்க?”

அப்பா கையைப் பின்னால் கட்டிக்கொண்டார். அம்மா தயங்கினார். “நீங்களே ஓட்டுங்க. திரும்பவும் இடிச்சிட்டேன்னா?”

“அம்மா, கோணல் வண்டியையே ரெண்டு வாரம் நேரா ஓட்டியிருக்க நீ. யாரால முடியும்?” என்றாள் சிந்து.

“பாப்பா சொல்றது கரீக்டு. நேர் வண்டிலாம் உங்களுக்கு ஜுஜுபி மேடம்!” என்றார் கலீமுல்லா.

அம்மா சிந்துவை ஒரு நிமிடம் பார்த்தார். அப்படி யோசித்துப் பார்க்க அவருக்கு அதுவரை தோன்றியதே இல்லை. சாவியை வாங்கிக்கொண்டார்.

கார் பெசன்ட் நகர் சாலையில் நூல் பிடித்தது போலப் போனது. அம்மாவின் தோள் தளர்ந்தது. இழுத்துப் பிடித்துப் பழகிய கைகள் இப்போது ஸ்டியரிங் மேல் லேசாக இருந்தன. முதல் சிக்னலில் கொஞ்சம் பதற்றம். இரண்டாவது சிக்னலில் அதுவும் இல்லை.

கடற்கரை வந்தது. சுண்டல் வாசனை வந்தது. அப்பா ஆவலாக ஜன்னலில் தலையை நீட்டினார்.

“செண்பகம், இங்கயே நிறுத்து. இடம் இருக்கு பாரு.”

கார் நிற்கவில்லை.

“ஏம்மா, பீச் மறுபடியும் போகுதே! இறங்கலையா?” என்றாள் சிந்து.

“இருடி, இன்னும் ஒரே ஒரு சுத்து!” என்றார் அம்மா. அதைத்தான் அவர் மூன்று சுற்றுக்கு முன்பும் சொன்னார்.